விஜயதசமிக்குள் ஒருவரைச் சொல்ல வேண்டும்

ஆடி மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை. பாட்டு வகுப்பு முடிந்து நோட்டை மூடிக்கொண்டிருந்தேன். மாமி சுருதிப் பெட்டியை அணைக்காமலே சொன்னார்: "வர்ணம் போதும். கீர்த்தனையும் உதிரி உதிரியா நிறைய ஆச்சு. விஜயதசமிலேர்ந்து ஒரு வருஷம் ஒரே ஒருத்தர் பாட்டுதான். யாருன்னு நீயே யோசிச்சுச் சொல்லு."

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் அந்தத் திண்ணை வைத்த வீட்டுக்கு 7 வருஷமாகப் போய் வருகிறேன். பள்ளிக்கூட நாளில் விட்ட பாட்டை நாற்பதை நெருங்கும்போது திரும்பப் பிடித்த கேஸ். எனக்கு வாய்ப்பது காலையில் 5 மணியிலிருந்து 6 மணி வரைதான். ஆறுக்குப் பால் வரும், பிறகு குக்கர், டிபன் பாக்ஸ், ஆபீஸ். அந்த ஒரு மணி நேரத்தை வருஷம் முழுக்க யாருக்குக் கொடுப்பது? பிடித்த வாக்கேயக்காரர், அதாவது சொல்லும் மெட்டும் தானே கட்டியவர், யார் என்று சும்மா கேட்டால் யாருக்கும் பதில் பளிச்சென்று வந்துவிடும். தினம் ஒரு மணி நேரம், முந்நூற்றுச் சொச்சம் நாள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பளிச் கொஞ்சம் மங்குகிறது.

கேட்டவர்கள் எல்லோரும் "மூவரும் மூன்று கண்கள், அதில் என்ன உசத்தி தாழ்த்தி" என்றார்கள். மரியாதையான பதில்தான், உபயோகமில்லாத பதில். சியாமா சாஸ்திரி 1762, தியாகராஜர் 1767, முத்துசுவாமி தீட்சிதர் 1775. 13 வருஷத்துக்குள் ஒரே திருவாரூரில் மூன்று பேர் பிறந்திருக்கிறார்கள். ஒரே காற்று, ஒரே கமலாலயக் குளம். அப்படியிருந்தும் ஒருவர் பாட்டை இன்னொருவருடையது என்று யாராலும் சொல்லிவிட முடியாது. பழையவர்கள் இதற்கு ஒரு சாப்பாட்டுக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: தியாகராஜர் திராட்சை, வாயில் போட்டதும் இனிக்கும். சியாமா சாஸ்திரி வாழைப்பழம், தோலை உரிக்கிற வேலை மட்டும் உண்டு. தீட்சிதர் தேங்காய், மட்டை உரித்து, ஓட்டை உடைத்து, துருவ வேண்டும். சபையில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு இது சரி. உட்கார்ந்து கற்கிறவளுக்கு இந்த வரிசை அப்படியே உதவாது என்பதைத்தான் அந்த இரண்டரை மாதத்தில் தெரிந்துகொண்டேன். ஒவ்வொருவரிடமும் ஒரு பாட்டை எடுத்து இரண்டு மூன்று வாரம் குடியிருந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

முதலில் தியாகராஜர். அவரைத் தள்ளிவிட்டு யாரும் ஆரம்பிக்க முடியாது. கரகரப்பிரியாவில் 'சக்கனி ராஜ மார்க்கமு'. நேரான ராஜபாட்டை இருக்கும்போது சந்து பொந்தில் நுழைவானேன் என்று மனசைக் கேட்கிற பாட்டு. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பல்லவியைச் சங்கதி சங்கதியாக, அதே வரியை விதவிதமாக மாற்றி, விரித்துக்கொண்டு போகும்போது பாடுகிறவள் ஒவ்வொரு சந்தாக நுழைந்துதான் வருகிறாள். முதல் சங்கதி சாதுவாக இருக்கும். இரண்டாவதில் ஒரு சின்ன வளைவு. நாலாவது ஐந்தாவதுக்கு வரும்போது அதே சொற்கள் மேல் ஷட்ஜத்தைத் தொட்டுவிட்டு இறங்குகின்றன.

இதில் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு பெரிய சலுகை இருக்கிறது. மூன்று சங்கதியோடு நிறுத்திக்கொண்டாலும் பாட்டு கெட்டுப்போகாது. பத்துத் தெரிந்தவர் பத்துப் பாடட்டும், மூன்று தெரிந்தவள் மூன்று பாடுகிறேன், இரண்டுமே முழுப் பாட்டுதான். இப்படி ஒரு தாராளம் மற்ற இருவரிடம் கிடைக்காது. போதாததற்கு, உஞ்சவிருத்திக்கும் பஜனைக்கும் என்றே எளிமையான மெட்டில் அவர் செய்த திவ்யநாமக் கீர்த்தனைகளும் உத்சவ சம்பிரதாயக் கீர்த்தனைகளும் வேறு உண்டு. தொண்டை சரியில்லாத நாளில் அதைப் பாடலாம்.

அப்புறம் அவர் பேசுகிற விதம். ராமனை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு சண்டை போடுவார், கோபித்துக்கொள்வார், குத்திக்காட்டுவார். கௌளையில் 'துடுகுகல' முழுக்கத் தன் குற்றங்களைத் தானே அடுக்குகிறார். ஆரபியில் 'சாதிஞ்செனே' என்றால் பிடித்த பிடியில் ஜெயித்துவிட்டாயே என்று பொடி வைத்துப் பேசுகிறார். எனக்குத் தெலுங்கு வராது. ஆனால் அர்த்தத்தை ஒரு தடவை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் போதும், அடுத்த தடவை குரலே தானாக அந்தத் தொனிக்குப் போகிறது.

சங்கடம் எங்கே என்றால், எல்லோருக்கும் தெரிந்த பாட்டு என்பதில். வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று அவருடைய சீடர்கள் வழியே பாட்டு தனித்தனிக் கிளையாக வந்திருக்கிறது. ஒரு பாடாந்தரத்தில் இருக்கிற சங்கதி இன்னொன்றில் இருக்காது. மாமி ஒன்று சொல்லிக்கொடுப்பார். இருபது வருஷமாக ரேடியோவிலும் கேசட்டிலும் கேட்டு என் காதில் படிந்தது வேறாக இருக்கும். காலையில் ஐந்து மணிக்குத் தனியாகப் பாடும்போது காதில் இருப்பதுதான் வாயில் வரும். சனிக்கிழமை மாமி, "இது யார் பாடம்? என் பாடம் இல்லையே" என்பார். திராட்சைக் குலையில் ஒன்றைப் பறித்தால் நாலு சேர்ந்து வருகிற மாதிரி. ஏறத்தாழ 700 பாட்டுகள் கிடைத்திருக்கின்றன. ஒரு வருஷத்தில் எதைத் தேர்ந்து எதை விடுவது என்பதே இன்னொரு தீர்மானமாகிவிடும்.

தீட்சிதரை என் கணவர் சிபாரிசு செய்தார். காரணம் சங்கீதம் இல்லை. "அவர் கோயில் கோயிலாப் பாடியிருக்கார்னு சொல்றே. பாட்டு ஒண்ணு, ஊர் ஒண்ணுன்னு ஞாயித்துக்கிழமை கிளம்பிடலாம்." யோசித்தால் அது அத்தனை மோசமான அளவுகோல் இல்லை. அவர் பாட்டை வைத்து நிஜமாகவே ஊர் சுற்றலாம். எங்களுக்குப் பக்கத்திலேயே திருவானைக்கா, பஞ்சபூதத் தலங்களில் நீருக்கானது; அங்கே யமுனா கல்யாணியில் 'ஜம்பூபதே'. மலைக்கோட்டைத் தாயுமானவருக்குக் கன்னட ராகத்தில் 'ஸ்ரீ மாத்ருபூதம்'. கோயில், தாயார் பெயர், தல விருட்சம், சில சமயம் ராகத்தின் பெயர் என்று எல்லாவற்றையும் சாஹித்யத்துக்குள்ளேயே வைத்துக் கட்டிவிடுவார்.

நான் எடுத்துப் பார்த்தது சங்கராபரணத்தில் 'அக்ஷயலிங்க விபோ'. கீழ்வேளூர்ப் பாட்டு. அந்த ஊர்த் தலமரம் இலந்தை. பாட்டில் 'பதரீவனம்' என்று வருகிறது. முதல் வரியே மூச்சுக்குச் சோதனை. அவருடைய சௌக்க காலம், அந்த மெதுவான நடை, நாற்பத்தாறு வயது நுரையீரலைக் கேட்டுவிட்டு வருவதில்லை. 'விபோ'வின் 'போ' வருவதற்குள் எனக்கு மூச்சு தீர்ந்து, ஒரு சொல்லை இரண்டாக உடைத்துவிடுவேன். உடைத்தால் சமஸ்கிருதத்தில் அர்த்தம் வேறு பக்கம் போய்விடும். இந்தப் பக்கம் ஆமை நடை என்றால், அந்தப் பக்கம் இரட்டை வேக மத்யமகாலம் வந்ததும் 'தக்ஷ சிக்ஷண தக்ஷதர' என்று ஆரம்பித்து வரி முழுக்க 'க்ஷ'வாகக் கொட்டுகிறது. முதல் வாரம் பல் தேய்க்கும்போதெல்லாம் வாய்க்குள் அதைத்தான் உருட்டிக்கொண்டிருந்தேன். பையன் ஹெட்போனைக் கழற்றி, "அம்மா, தும்மல் வரலையா?" என்று கேட்டான்.

ஆனால் மூன்றாவது வாரம் ஒன்று நடந்தது. தேங்காய் உடைந்தது. அதன்பிறகு அது மாறவே இல்லை. இன்று ஒரு மாதிரி, நாளை ஒரு மாதிரி என்பது கிடையாது. சங்கதி கொஞ்சம்தான். பாட்டே ராகத்தின் முழு வரைபடம் மாதிரி அசையாமல் நிற்கும். பாட்டைச் சரிபார்க்கவும் ஆதாரம் உண்டு. அவருடைய தம்பி வழியில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904ல் எட்டயபுரத்திலிருந்து 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்று கமகக் குறிகளோடு சுரப்படுத்தி அச்சில் போட்டுவிட்டார். சந்தேகம் வந்தால் மாமி அலமாரியைத் திறப்பார். தியாகராஜர் பாட்டுக்குக் காதும் குருவும்தான் கதி.

மூளைக்கு வேலை கேட்பவர்கள் தீட்சிதரிடம் போகலாம் என்பேன். திருவாரூர்க் கமலாம்பாள் மேல் அவர் செய்த நவாவரணக் கீர்த்தனைகளில் முதல் எட்டும் ஒவ்வொரு வேற்றுமையில். 'கமலாம்பா' என்று முதல் வேற்றுமை, 'கமலாம்பாம்' என்று இரண்டாவது, இப்படியே விளி வரைக்கும். பள்ளிக்கூடத்தில் 'ஐ, ஆல், கு, இன், அது, கண்' என்று தலையாட்டிக்கொண்டே சொன்னோமே, அதை ஒருவர் ஆனந்தபைரவி, கல்யாணி, சங்கராபரணம், காம்போஜி என்று பாட்டாகப் போட்டிருக்கிறார். நவக்கிரகப் பாட்டுகளில் ஞாயிறு முதல் சனி வரை உள்ள ஏழுக்கும் ஏழு தாளம். இதையெல்லாம் ஒரு வருஷம் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால் படித்த திருப்தி வரும், மறுக்கவில்லை. எனக்கு என்னவோ அது ஆபீஸில் லெட்ஜர் சரிபார்க்கிற சந்தோஷத்துக்குக் கிட்டத்தில் வந்தது. எட்டு மணி நேரம் அதைத்தான் செய்கிறேன். காலையிலுமா?

பாபநாசம் சிவனைப் பற்றி ஒரு வார்த்தை. மூவரைப் பற்றிப் பேசும்போது தமிழில் பாடியவர்களை ஓரமாக உட்காரவைக்கிற வழக்கம் எனக்குப் பிடிக்காது. 1940களில் தமிழிசை இயக்கம் அதற்காகத்தான் சண்டை போட்டது. சிவன் 1973 வரை இருந்தவர், மயிலாப்பூர் மாட வீதியில் மார்கழி பஜனை பாடிக்கொண்டு போனவர். காம்போஜியில் 'காணக் கண் கோடி வேண்டும்' என்று எடுத்தால் அகராதி வேண்டாம், கபாலி புறப்பாடு கண்ணெதிரே வந்துவிடும். ஆனால் எனக்கு அங்கேதான் வழுக்கியது. புரிகிற மொழியாக இருப்பதால் வார்த்தை மேல் ஏறிக்கொண்டு ராகத்தை அந்தரத்தில் விட்டுவிடுகிறேன். "அர்த்தம் புரியறது சரி, காந்தாரம் எங்கே போச்சு?" என்றார் மாமி. இன்னொரு காரணமும் உண்டு. 'என்ன தவம் செய்தனை'யை நான் எப்படியும் பாடிக்கொண்டுதான் இருப்பேன், துணி மடிக்கும்போதுகூட. அதற்கு ஒரு வருஷ வகுப்பு வேண்டாம். முற்றிலும் புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு, முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு, நான் முதலில் கைகாட்டுவது சிவனைத்தான்.

சியாமா சாஸ்திரியைக் கடைசியில் எடுத்ததற்கு ஒரு அல்பக் காரணம். எண்ணிக்கை குறைவு. இன்று கிடைப்பது 70ஐ ஒட்டித்தான். ஒரு வருஷத்தில் முக்கால்வாசியாவது பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வாழைப்பழம்தானே, உரிக்க எவ்வளவு நேரம்?

தஞ்சாவூர் மேலராஜ வீதியில் பங்காரு காமாட்சி கோயில் இருக்கிறது. அங்கே பரம்பரை அர்ச்சகர் அவர். காஞ்சியிலிருந்து கிளம்பி, ஊர் ஊராக மறைந்து வாழ்ந்து, திருவாரூரில் தங்கி, கடைசியில் தஞ்சைக்கு வந்த அம்மன். அவளைத் தூக்கிக்கொண்டு வந்த குடும்பம். அந்தக் கோயில் வாசலை எத்தனையோ தடவை பஸ் பிடிக்கிற அவசரத்தில் கடந்திருக்கிறேன். தீர்மானம் செய்ய வேண்டி வந்த பிறகுதான் முதல் தடவை உள்ளே போனேன். சின்னக் கோயில். திருவையாற்றில் புஷ்ய பகுள பஞ்சமியன்று தியாகராஜர் ஆராதனைக்குக் கூடுகிற கூட்டத்தை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். நான் போன நேரத்தில் இரண்டு பெண்கள் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். இரண்டு ஊருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்.

அவரும் தெலுங்கில்தான் பெரும்பாலும் பாடினார். ஆனால் தியாகராஜர் மாதிரி வாதாடுகிற ஆள் இல்லை. கேட்பது எப்போதும் ஒன்றுதான்: அம்மா, என்னைப் பார். ஆகிரியில் 'மாயம்மா' என்று ஒரு பாட்டு. அம்மா என்று நான் கூப்பிட்டால் என்னோடு பேசக் கூடாதா என்பதுதான் மொத்த விஷயமும். ஆகிரி பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று ஒரு பேச்சு உண்டு. மாமி அதை நம்புகிறவர் இல்லை. இருந்தாலும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொல்லிக்கொடுத்தார்.

பரீட்சைக்கு நான் எடுத்தது பைரவி ஸ்வரஜதி, 'காமாக்ஷீ அனுதினமு'. ஸ்வரஜதி என்பது அதுவரை ஆட்டத்துக்கான உருப்படி. அதை உட்கார்ந்து பாடுகிற பாட்டாக ஆக்கியவர் இவர். தோடியில் ஒன்று, யதுகுல காம்போஜியில் ஒன்று, பைரவியில் ஒன்று. பைரவியில் எட்டுச் சரணம். முதல் சரணம் ஷட்ஜத்தில் எடுக்கும். அடுத்தது ரிஷபத்தில். அடுத்தது காந்தாரத்தில். இப்படி ஒவ்வொரு படியாக ஏறி எட்டாவது சரணம் மேல் ஷட்ஜத்தில் வந்து நிற்கும். காகிதத்தில் பார்த்தால் ஆரம்பப் பாடமான சரளி வரிசைக்கு அண்ணன் மாதிரி இருக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஸரிகமபதநிஸ தெரியாதா எனக்கு?

முதல் நாள் 'ஸ' பாடினேன். மாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "இது ஷட்ஜம். பைரவி எங்கே?" என்றார். ராகத்தை முழுசாக மனசில் வைத்துக்கொண்டு அந்த ஒரு சுரத்தில் நிற்க வேண்டுமாம். ரிஷபத்தில் ஆரம்பிக்கிற சரணத்தில் ரிஷபம்தான் வீடு. அங்கிருந்துதான் வெளியே போக வேண்டும், அங்கேதான் திரும்ப வேண்டும். அடுத்த சரணத்தில் வீட்டை மாற்ற வேண்டும். தைவதத்துக்கு வரும்போது வேறு வம்பு. பைரவியில் தைவதம் இரண்டு, எது எங்கே என்று தடுமாறினால் ராகமே கைவிட்டுப் போகும். தாளம் மிச்ரசாபு, ஏழு எண்ணிக்கை. தகிட தகதிமி என்று கை போட்டுக்கொண்டே இருக்கும்போது பாட்டு கையைச் சட்டை செய்யாமல் தன் போக்கில் நடந்து, சரியான இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். சேர வேண்டியது நான்தான், நான் சேரவில்லை. பிறகு அதே ஏழைத் திருப்பிப் போட்டு, நாலும் மூன்றுமாக விலோம சாபில் பாட்டுச் செய்தவர் அவர் என்று தெரிந்ததும் நோட்டை மூடி வைத்தேன்.

ஆக, திராட்சை ஆரம்பிக்கச் சுலபம், முடிவே கிடையாது. தேங்காய் உடைக்கக் கஷ்டம், உடைந்த பிறகு பிரச்சினை இல்லை. வாழைப்பழம் உரித்தாகிவிட்டது என்று நினைத்து வாயில் வைத்தால் உள்ளே இன்னும் தோல் இருக்கிறது. இது என் வாய்க்குச் சொல்கிறேன். மூச்சு நீளமுள்ள, சமஸ்கிருதம் படித்த பெண்ணுக்குத் தீட்சிதர் முதல் வாரத்திலேயே உடைந்துகொடுப்பார். கச்சேரிக்குப் போய்க் கூடவே முணுமுணுக்க வேண்டும், நாலு பேரோடு சேர்ந்து பாட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், தியாகராஜர்தான். அவருடைய பஞ்சரத்னக் கீர்த்தனைகள் ஐந்தும் தெரிந்துவிட்டால் தை மாதத்தில் எந்த ஊர் சபாவிலும் தரையில் உட்கார ஓர் இடம் கிடைக்கும். தனியாகப் பாடுகிறவர்களுக்கு அது ஒரு பெரிய ஈர்ப்பு. எனக்கும் இருந்தது, புரட்டாசி முழுக்க அந்தப் பக்கம்தான் சாய்ந்துகொண்டிருந்தேன்.

மாற்றியது ஒரு சின்ன விஷயம். மூன்றையும் பழகிய அந்த வாரங்களில், ஆபீஸுக்குப் போகிற பஸ்ஸில் எது தானாக வாயில் வருகிறது என்று கவனித்தேன். தியாகராஜர் பாட்டு அடிக்கடி வந்தது, தானாக வந்தது, சந்தோஷமாகப் போனது. தீட்சிதர் வரவில்லை, அவரைக் கூப்பிட்டால்தான் வருவார். பைரவியும் வரவில்லை. ஆனால் அன்றைக்கு எங்கே தப்பாகப் பாடினேன் என்பது நாள் முழுக்க நினைவில் இருந்தது. கவுண்டரில் ஒருவர் பாஸ்புக்கை நீட்டிக்கொண்டிருக்க, நான் மேஜைக்கு அடியில் ஏழு எண்ணிக்கொண்டிருந்தேன். "மேடம்" என்று இரண்டு தடவை கூப்பிட்டாராம்.

சரஸ்வதி பூஜையன்று மாமி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். சிரித்தார். "கொஞ்சமாத்தானே பண்ணியிருக்கார், சீக்கிரம் முடிச்சுடலாம்னு பார்க்கறியா?"

"ஆமாம் மாமி, முதல்ல அப்படித்தான் நினைச்சேன்."

"இப்போ?"

"இப்போ ஸ்வரஜதி மூணும் வந்தாப் போதும்."

"மூணா? பைரவியை முதல்ல எடு, பார்ப்போம்" என்று வெற்றிலைத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சுருதியைப் போட்டார். மறுநாள் விஜயதசமியில் ஆரம்பித்தோம். இப்போது மாசி நடக்கிறது. மத்தியமத்தில் எடுக்கிற நாலாவது சரணத்தில் இருக்கிறேன். போன சனிக்கிழமை அதை முழுசாகப் பாடி முடித்ததும் மாமி ஒன்றும் சொல்லவில்லை. "திரும்ப ரிஷபத்துக்குப் போய் வா" என்றார்.